கம்பி இல்லாமல் கூரை நிற்குமா? – வாசகர் கேள்வி பதில்

கட்டடம் பற்றி வந்த கேள்விகளில் வடிவத்தைத் தொட்டுக் கேட்டவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டேன். எத்தனை மூட்டை சிமென்ட், எத்தனை டன் கம்பி என்று கேட்கிறவர்கள்தான் அதிகம். அந்தக் கணக்கில் கூரையின் வடிவத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்பதால், இந்தக் கேள்விகளைப் பார்த்ததும் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

கேள்வி: சின்னதாக ஒரு வீடு கட்டப்போகிறோம். ஆரோவில்லில் பார்த்த மாதிரி செங்கல்லிலேயே வளைவாகக் கூரை போட வேண்டும் என்று எனக்கு ஆசை. கம்பி இல்லாத கூரை தலையில் விழுந்துவிடும் என்று மாமனார் பயப்படுகிறார். கொத்தனாரும் "வேண்டாம்மா, தளம் போட்டுடலாம்" என்கிறார். யார் சொல்வது சரி? – ஒரு வாசகி, கும்பகோணம்

மாமனார் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவர் பயப்பட வேண்டியது கூரையைப் பார்த்து அல்ல, சுவரைப் பார்த்து. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் தட்டையான கான்கிரீட் தளம் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம். சுமை ஏறியதும் தளம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத் தொய்கிறது. மேல்பக்கம் அமுங்கும், அடிப்பக்கம் இழுபடும். கான்கிரீட் அமுக்கத்தை நன்றாகத் தாங்கும், இழுத்தால் விரிசல் விட்டுவிடும். அதனால்தான் அடியில் கம்பி கட்டுகிறோம். அப்படியானால் அடிப்பாதியில் இருக்கிற கான்கிரீட் என்ன செய்கிறது? கம்பியைப் பிடித்துக்கொண்டு, துரு ஏறாமல் காத்துக்கொண்டு, பாரமாக உட்கார்ந்திருக்கிறது, பெரும்பாலும் அவ்வளவுதான். பத்துக்குப் பத்து அறைக்கு 5 அங்குலத் தளம் போட்டால் அதன் எடை மட்டுமே ஏறத்தாழ 3 டன். அதே அறையில் ஆட்கள், கட்டில், பீரோ எல்லாவற்றுக்கும் சேர்த்து நம் கட்டட விதிகள் எடுத்துக்கொள்ளச் சொல்வது சதுர மீட்டருக்கு 200 கிலோ, அதாவது மொத்தம் 2 டன்னுக்கும் கீழே. தளம் தாங்கப்போகிற மனிதர்களைவிடத் தன்னைத்தானே தாங்கிக்கொள்ளத்தான் அதிகம் பாடுபடுகிறது.

இப்போது அதையே வளைவாக யோசியுங்கள். ஒரு சங்கிலியை இரண்டு முனையிலும் பிடித்துத் தொங்கவிட்டால் அது ஒரு வடிவத்துக்கு வந்து நிற்கும். சங்கிலிக்கு இழுவையைத் தவிர வேறு எதையும் தாங்கத் தெரியாது, எனவே தொங்குகிற அந்த வடிவத்தில் முழுக்க முழுக்க இழுவைதான் இருக்கிறது. அந்த வடிவத்தை அப்படியே தலைகீழாகத் திருப்பிச் செங்கல்லில் கட்டினால் முழுக்க முழுக்க அமுக்கம்தான் இருக்கும். செங்கல்லுக்கு வேண்டியதும் அதுதான். இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக் இதை 1675இல் கண்டுபிடித்து, வேறு யாரும் எடுத்துக்கொண்டுவிடக் கூடாதே என்று எழுத்துகளைக் குலைத்துப் போட்டு லத்தீன் புதிராக அச்சிட்டார். அதன் விடை அவர் இறந்த பிறகுதான் வெளியே வந்தது. ஹூக்குக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே ஈராக்கில் பாக்தாத் பக்கத்தில் டெசிபோன் வளைவைக் கட்டியவர்கள் கையறிவாலேயே இதற்கு நெருக்கமான வடிவத்துக்கு வந்துவிட்டார்கள். சுமார் 25 மீட்டர் அகலத்தை வெறும் செங்கல் தாண்டி நிற்கிறது, உள்ளே ஒரு துண்டு இரும்பு இல்லை.

கணக்கையும் கொஞ்சம் பார்த்துவிடலாம், கஷ்டமில்லை. உங்கள் அறை 3 மீட்டர் அகலம், எல்லாச் சுமையும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் பட்டையை மட்டும் எடுத்து, சுமையை அகலத்தின் வர்க்கத்தால் பெருக்கி எட்டால் வகுத்தால் சுமார் 560 வரும், கூரையை வளைக்கப் பார்க்கும் வளைவுவிசை இது. இந்த 560ஐச் சமாளித்தாக வேண்டும், தட்டையான தளமானாலும் சரி வளைவானாலும் சரி, இது மாறாது. மாறுவது அதை எந்த உயரத்தால் வகுக்கிறோம் என்பதுதான். தட்டைத் தளத்தில் மேலே அமுங்கும் கான்கிரீட்டுக்கும் கீழே இழுபடும் கம்பிக்கும் நடுவே இருப்பது சுமார் 10 சென்டிமீட்டர், எனவே உள்ளே வருகிற விசை 5,600 கிலோ. வளைவின் நடு உச்சி சுவர்மட்டத்திலிருந்து 60 சென்டிமீட்டர் எழும்பினால் அதுவே சுமார் 940 கிலோ. ஆறில் ஒரு பங்கு! பொருள் மாறவில்லை, உயரம் கிடைத்தது, அவ்வளவுதான். எழும்பும் உயரத்தைச் செலவில்லாமல் கிடைக்கும் பலம் என்றே நான் நினைக்கிறேன். உயரத்தை 30 சென்டிமீட்டராகக் குறைத்தால் விசை இரட்டிப்பாகி 1,900 கிலோவைத் தொடும். "ரொம்பக் குவிந்து தெரியுது, கொஞ்சம் தாழ்த்திக் கட்டுங்க" என்று யாராவது சொன்னால் அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இனி சுவர். அந்த 940 கிலோ எங்கே போகிறது? வளைவின் இரண்டு காலும் சுவரின் தலையை வெளிப்பக்கமாகத் தள்ளுகிறது, ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் 940 கிலோ. 9 அங்குலச் சுவர் இதைத் தாங்காது, சாய்ந்துவிடும். வளைவுக் கூரைகள் விழுந்த கதைகளில் பெரும்பாலும் கால் நகர்ந்ததுதான் காரணம். வழிகள் இருக்கின்றன. சுவரின் மேல் சுற்றிலும் ஒரு கான்கிரீட் பீம் ஓட்டி, அறையின் குறுக்கே எதிரெதிர் பீம்களை இரும்புக் கம்பியால் இழுத்துக் கட்டலாம். ஒன்றரை மீட்டருக்கு ஒன்று என்று வைத்தால் கணக்குக்கு 12 மி.மீ. கம்பியே போதும், துருவையும் முனையில் பிடிக்கும் பிடிமானத்தையும் யோசித்து இன்ஜினியர் கூடுதலாகப் போடுவார். இல்லையென்றால் அறைகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்து வளைவுக்கு வளைவு முட்டுக் கொடுக்கும்படி அமைக்கலாம், அப்போது கடைசி இரண்டு அறைகளின் வெளிச்சுவரை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். ஆக, கம்பியே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். வேலை இருக்கிற இடத்தில் மட்டும் இருக்கட்டும்.

வடிவத்தை எடுப்பதும் சுலபம். அறை அகலத்துக்கு இரண்டு ஆணி, சமமட்டத்தில், ஒரு பூசிய சுவரில் அடியுங்கள். நடுவில் 60 சென்டிமீட்டர் தொய்கிற மாதிரி ஒரு சங்கிலியை மாட்டுங்கள். பென்சிலால் கண்ணி கண்ணியாக வரைந்து, பிளைவுட்டில் பெயர்த்து, அறுத்துத் தலைகீழாக வையுங்கள், கொத்தனாருக்கு அச்சு தயார். ஒரே ஒரு எச்சரிக்கை. வளைவின் மேல் நடமாடத் தட்டையாக வேண்டும் என்று ஓரங்களில் மண்ணோ ஜல்லியோ போட்டு நிரப்பினால் எடை ஓரங்களில் கூடிவிடும், அப்போது வெறும் சங்கிலி காட்டும் வடிவம் சரிவராது. சங்கிலியில் அந்தந்த இடத்தில் எடையையும் தொங்கவிட்டுத்தான் வரைய வேண்டும். ரோமில் புனித பேதுரு ஆலயத்தின் கும்மட்டத்தில் விரிசல் விட்டபோது போலெனி என்ற கணித அறிஞர் செய்தது இதைத்தான். கும்மட்டத்தின் ஒவ்வொரு துண்டின் எடைக்கும் ஏற்றபடி சங்கிலியில் குண்டுகளை மாட்டித் தொங்கவிட்டு, அந்த வடிவம் கும்மட்டத்தின் தடிமனுக்குள்ளேயே அடங்குகிறது, எனவே விழாது என்று காட்டினார். 1748இல் அதை வெளியிட்டார். அப்படியும் அடிச்சுற்று விரியாமல் இருக்கக் கூடுதல் இரும்பு வளையங்கள் போடச் சொன்னார். பக்கத்தள்ளல் அங்கேயும் விடவில்லை.

கொத்தனாரைப் பற்றி ஒரு வார்த்தை. பழக்கமில்லாத வேலைக்கு அவர் தயங்குவது தப்பில்லை. எகிப்தின் நூபியப் பகுதிக் கொத்தனார்கள் சென்ட்ரிங்கே (கூரை இறுகும்வரை அடியில் தாங்கும் பலகை அமைப்பு) இல்லாமல், பின்சுவரில் சாய்த்துச் சாய்த்து ஒவ்வொரு வளையமாகச் செங்கல்லை ஒட்டிக்கொண்டே வருவார்கள். அந்த முறையைத்தான் ஆரோவில் மண் கட்டுமான நிறுவனத்தில் செம்மைப்படுத்திச் சொல்லித் தருகிறார்கள். முடிந்தால் உங்கள் கொத்தனாரை அங்கே ஒரு பயிற்சிக்கு அனுப்பிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். அது முடியாது, வளைவில் அனுபவம் உள்ள இன்ஜினியரும் கிடைக்கவில்லை என்றால், ஆசையாக இருந்தாலும் வளைவு வேண்டாம் என்றுதான் சொல்வேன். இதே பக்கத்தில் கடைசிக் கேள்வியைப் பாருங்கள், உங்களுக்கும் அதில் வழி இருக்கிறது.

கேள்வி: எங்கள் வீட்டு இரும்பு கேட் வருஷத்துக்கு ஒருமுறை தொங்கிப்போய்த் தரையில் உரசுகிறது. வெல்டர் குறுக்கே ஒரு பட்டை அடித்துக் கொடுத்தார், அப்படியும் தொங்குகிறது. ஏன்? – பாலிடெக்னிக் மாணவர், சேலம்

பட்டையை எந்த மூலையிலிருந்து எந்த மூலைக்கு அடித்திருக்கிறார் என்று பாருங்கள். நாலு பக்கம் கொண்ட சட்டம் பக்க நீளம் மாறாமலேயே சாய்ந்து கொடுக்கும். மூன்று பக்கம் கொண்டது கொடுக்காது, பக்கங்களின் நீளம் தெரிந்துவிட்டால் முக்கோணத்துக்கு ஒரே ஒரு வடிவம்தான். குறுக்குப் பட்டை சட்டத்தை இரண்டு முக்கோணமாக்குகிறது, அதுவரை வெல்டர் செய்தது சரி. ஆனால் பட்டை மெல்லியது. இழுத்தால் பலமாக நிற்கும், அமுக்கினால் நெளிந்துவிடும். கேட் தொங்கும்போது கீல் பக்கத்து மேல்மூலைக்கும் வெளிப்பக்கத்துக் கீழ்மூலைக்கும் நடுவே உள்ள தூரம்தான் நீளப் பார்க்கும். பட்டை அந்த வழியே போனால் இழுபட்டு கேட்டைத் தூக்கிப் பிடிக்கும். மாற்று வழியில், கீழ்க்கீலிலிருந்து வெளி மேல்மூலைக்குப் போட்டிருந்தால் அது அமுக்கப்பட்டு நெளியும். உங்கள் வீட்டில் அனேகமாக அப்படித்தான் இருக்கும். அதே வழியில்தான் வேண்டுமென்றால் பட்டைக்குப் பதில் பைப் போடச் சொல்லுங்கள். எடை ஏறாமலே பொருளை நடுவிலிருந்து வெளியே தள்ளி வைத்திருப்பதால் பைப் சீக்கிரம் நெளியாது.

ஷெட்டுக்குப் போடுகிற டிரஸ்ஸும், அதாவது முக்கோணம் முக்கோணமாகக் கோத்த கூரைச் சட்டமும், இதே விஷயம்தான். அமுக்கத்தில் உள்ள உறுப்பு குட்டையாக இருக்க வேண்டும், நீளம் பாதியானால் நெளியாமல் தாங்கும் திறன் நாலு மடங்கு கூடும். இழுவையில் உள்ளது நீளமாகவும் மெலிசாகவும் இருக்கலாம். மாடியில் தகர ஷெட் போடுகிறவர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். எடை குறைந்த கூரைக்கு எதிரி மேலிருந்து வரும் சுமை இல்லை, கீழிருந்து தூக்கும் காற்று. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது டெல்டாவில் ஷீட் கூரைகள் எப்படிப் பறந்தன என்பதை நாம் எல்லாரும் பார்த்தோம். டிரஸ்ஸில் மிச்சம் பிடித்த காசில் ஒரு பங்கை நங்கூர போல்ட்டுக்குச் செலவழியுங்கள்.

கேள்வி: அனல்மின் நிலையத்தில் இருக்கிற பெரிய கூலிங் டவர் ஏன் இடுப்பு சிறுத்து இருக்கிறது? அழகுக்கா? – ஒரு வாசகர், நெய்வேலி

அழகுக்காக இல்லை, ஆனால் எனக்கு அது அழகாகத்தான் தெரிகிறது. பிரம்பு மோடாவைப் பார்த்திருப்பீர்கள். எல்லாம் நேரான குச்சிகள், சாய்த்துச் சாய்த்து இரண்டு பக்கமும் பின்னியதில் நடுவில் இடுப்பு தானாக விழுந்திருக்கும். கூலிங் டவரும் அதே வடிவம். ரஷ்ய இன்ஜினியர் விளாடிமிர் சூகோவ் 1896இல் நிஷ்னி நோவ்கொரோட் கண்காட்சியில் நேரான இரும்புச் சட்டங்களை மட்டுமே வைத்து ஒரு தண்ணீர்த் தொட்டிக் கோபுரத்தை இப்படி நிறுத்திக் காட்டினார். வளைந்த பரப்பு, ஆனால் அதற்குள் நேர்கோடுகள் ஓடுகின்றன, எனவே செய்வது சுலபம். இரண்டு திசையிலும் எதிரெதிராக வளைவதால் சுவர் மெலிசாக இருந்தாலும் விறைப்பாக நிற்கும். நேர் உருளையாகக் கட்டினால் காற்றில் வளையாமல் இருக்க இன்னும் தடிமன் வேண்டியிருக்கும்.

ஆனாலும் வடிவத்தின் மேல் பாரத்தைப் போட்டுவிட்டு நாம் கணக்கைத் தளர்த்தக் கூடாது. இங்கிலாந்தில் பெரிபிரிட்ஜ் மின்நிலையத்தில் 1965 நவம்பர் 1ஆம் தேதி அடித்த காற்றில் எட்டு டவர்களில் மூன்று விழுந்தன. நெருக்கமாக நின்ற டவர்களுக்கு நடுவே காற்று எப்படிச் சுழலும் என்று முன்கூட்டிப் பார்க்காமல் விட்டிருந்தார்கள்.

கேள்வி: மெக்சிகோவில் 4 செ.மீ. தடிமனில் பெரிய மண்டபக் கூரைகள் 1950களிலேயே கட்டினார்களாமே. அவ்வளவு மிச்சம் என்றால் இப்போது ஏன் யாரும் கட்டுவதில்லை? – ஒரு வாசகர், திருநெல்வேலி

நீங்கள் சொல்வது பெலிக்ஸ் கண்டேலா என்ற கட்டடக் கலைஞரின் வேலை. மெக்சிகோ நகரின் சோச்சிமில்கோ பகுதியில் அவர் 1958இல் முடித்த உணவகத்தின் கூரை பூ விரிந்த மாதிரி எட்டு இதழ்கள், குறுக்கே 40 மீட்டருக்கும் மேல், தடிமன் சுமார் 4 சென்டிமீட்டர். குதிரைச் சேணம் போல் இரண்டு பக்கமாக வளையும் அந்தப் பரப்பிலும் நேர்கோடுகள் ஓடுவதால் நேரான பலகைகளை வைத்தே சென்ட்ரிங் அடித்தார்கள்.

நின்றுபோனதற்குக் காரணம் கூலி. கான்கிரீட்டும் கம்பியும் மிச்சம், ஆனால் ஒவ்வொரு பலகையையும் கோணம் பார்த்து அடிக்கத் தச்சர்கள் நிறைய வேண்டும். கூலி ஏறியதும் தட்டையான தளம் மலிவாகிவிட்டது. பொருளை வாரி இறைத்து ஆள்கூலியை மிச்சம் பிடிக்கிற பழக்கம் அங்கே தொடங்கியது. சிமென்ட் உற்பத்தியிலிருந்து மட்டும் உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் சுமார் 7–8 சதவீதம் வருகிறது என்பதைக் கணக்கில் எடுத்தால் அந்த மலிவு நிஜமான மலிவு இல்லை.

சென்ட்ரிங் செலவைத் தாண்ட நம் நாட்டிலேயே ஒரு அருமையான வழி கண்டுபிடித்தார்கள், அது அதிகம் பேசப்படாதது எனக்கு வருத்தம். ரூர்க்கியில் மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தில் ஜி. எஸ். ராமசாமி குழுவினர், ஒரு சட்டத்தில் சாக்குத் துணியைக் கட்டி அதன்மேல் ஈரக் கான்கிரீட்டைப் பரப்பினார்கள். எடைக்குத் துணி தானாகத் தொய்யும். இறுகியதும் திருப்பிப் போட்டால் கவிழ்ந்த சின்னக் கிண்ணம் ஒன்று, முழுக்க அமுக்கத்தில் நிற்கும் வடிவத்தில், கையில் இருக்கும். ஹூக்கின் சங்கிலியேதான், இப்போது துணியாக. சங்கிலியைப் பார்த்து வரைய வேண்டிய வேலைகூட இல்லை. இப்படிச் செய்தவற்றை பீம்களுக்கு நடுவே அடுக்கிக் கூரையாக்கலாம். ஆரோவில்லிலும் இந்த வகைக் கூரைகள் இருக்கின்றன.

சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் பிலிப் பிளாக் என்ற பேராசிரியரின் ஆராய்ச்சிக் குழு இப்போது செய்வதும் இதன் தொடர்ச்சிதான். அடியில் 2 சென்டிமீட்டர் அளவுக்கு மெலிந்த வளைவு, மேலே விலா போன்ற மெல்லிய சுவர்கள், மூலைக்கு மூலை இழுகம்பி. அதே வேலையைச் செய்யும் தட்டைத் தளத்தைவிட 70 சதவீதம் அளவுக்குக் குறைந்த கான்கிரீட். 2016இல் வெனிஸ் கண்காட்சியில் அவர்கள் 399 சுண்ணாம்புக்கல் துண்டுகளைச் சாந்தே இல்லாமல் அடுக்கி ஒரு கூரை நிறுத்தினார்கள், மெலிந்த இடத்தில் 5 சென்டிமீட்டர்தான். அச்சைக் கணினியே வெட்டித் தருகிற காலம் வந்துவிட்டதால், கூலி என்ற பழைய தடை கொஞ்சம் கொஞ்சமாகக் கழலும் என்று நம்புகிறேன்.

கேள்வி: முக்கோணங்களால் ஆன உருண்டை வீடு நம் ஊருக்கு ஒத்துவருமா? – ஒரு வாசகர், கோவை

மண்டபத்துக்கும் செடி வளர்க்கும் கூடத்துக்கும் வரும். வீட்டுக்கு நான் சொல்ல மாட்டேன். அமெரிக்க வடிவமைப்பாளர் பக்மின்ஸ்டர் புல்லர் 1967இல் மாண்ட்ரியால் கண்காட்சிக்குக் கட்டிய 76 மீட்டர் விட்டமுள்ள உருண்டை இன்றும் நிற்கிறது, 1976 தீ விபத்தில் மேலுறை எரிந்தும் இரும்புச் சட்டம் தப்பித்தது. இரும்பு எடைக்கு இவ்வளவு இடத்தை மூடுகிற வடிவம் வேறு கிடைப்பது கஷ்டம். ஆனால் அத்தனை முக்கோணத்துக்கும் அத்தனை இணைப்பு, ஒவ்வொரு இணைப்பும் வடகிழக்குப் பருவமழையில் ஒழுகப் பார்க்கும். பீரோவையும் சுவரோடு ஒட்டி வைக்க முடியாது.

கேள்வி: பிளான் அப்ரூவல் வாங்கியாயிற்று, தட்டைத் தளம்தான். இனி ஏதாவது செய்ய முடியுமா? – ஒரு வாசகர், மதுரை

முடியும். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் திருவனந்தபுரத்தில் வாழ்ந்து பரப்பிய ஃபில்லர் ஸ்லாப் (filler slab, இடையில் ஓடு நிரப்பிய தளம்) உங்களுக்குத்தான். முதல் பதிலில் அடிப்பாதிக் கான்கிரீட் சும்மா இருக்கிறது என்றேனே, அந்த இடத்தில் கம்பிகளுக்கு நடுவே இரண்டு மங்களூர் ஓடுகளை ஒன்றின் மேல் ஒன்றாகக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கான்கிரீட் போடுவது. ஓடு பாவுவதைப் பொறுத்துக் கான்கிரீட்டில் ஐந்தில் ஒரு பங்கு வரை குறையும், எடை குறைவதால் கம்பியும் குறையும், நடுவில் காற்று அடைபடுவதால் வெயிலும் குறைவாக இறங்கும். ஓடுகளை வைக்கும் முன் தண்ணீரில் ஊறப்போட வேண்டும், இல்லையென்றால் கான்கிரீட்டின் ஈரத்தை உறிஞ்சிவிடும். கம்பி இடைவெளியை ஓட்டின் அளவுக்கு ஏற்ப இன்ஜினியர் திருத்தி வரைந்து தர வேண்டும், சுவரோரத்தில் முழுக் கான்கிரீட் விட வேண்டும். தளம் போடுகிற நாளில் ஆட்கள் ஓட்டின் மேல் மிதித்து நடக்காமல் பலகை போட்டுவிடுங்கள், உடைந்த ஓடுகளில் பெரும்பாலானவை அன்றைக்கு உடைந்தவைதான்.

சுவரில் செங்கல்லைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி வைத்து, நடுவில் மூன்று அங்குல இடம் விட்டுக் கட்டுகிற எலிப்பொறிக் கட்டு முறையில் கிட்டத்தட்டக் கால் பங்கு செங்கல் மிச்சம், சுவரின் தடிமன் அதே 9 அங்குலம். ஜன்னல் சின்னதாக, இரண்டு பக்கமும் போதுமான சுவர் இருந்தால் லிண்டலுக்கு (ஜன்னலுக்கு மேல் போடும் கான்கிரீட் பட்டை) பதில் செங்கல் வளைவு போடலாம். பக்கச் சுவர் மெலிந்த இடத்திலும் மூலைக்கு ஒட்டிய ஜன்னலிலும் வேண்டாம், பக்கத்தள்ளல் அங்கே சுவரைப் பிளக்கும்.

அப்புறம், ஹாலின் அகலத்தை இன்னொரு முறை பாருங்கள். 5 மீட்டரை 4 மீட்டராகக் குறைத்து நீளத்தைக் கூட்டிக்கொண்டால் தளத்தில் வரும் வளைவுவிசை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும், அகலத்தின் வர்க்கத்தில் அது ஏறுவதால். இதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. சுவர் நகர்வதால் பிளானில் சின்னத் திருத்தம் தேவைப்படலாம், அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்னாலேயே இன்ஜினியரிடம் கேட்டுவிடுங்கள்.